தலைமுடி நடுவதா? கொஞ்சம் பொறு தம்பி!



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயார் எழுதியது. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய மகனுக்கு வயது 24. பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. இருபது வயதிலேயே நெற்றி ஏறத் தொடங்கியதாம். இப்பொழுது இரண்டு பக்கமும் உள்வாங்கி, உச்சியிலும் மெலிந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்தில் பேச்சு முறிந்தது. "முடிதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவன் அப்படித்தான் நினைக்கிறான். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை" என்று எழுதுகிறார் அந்தத் தாய். இப்போது கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, ஒரே நாளில் முடி நட்டுவிடும் இடத்திற்கு முன்பணம் கட்டப்போகிறானாம். ஊழியர் சேமநிதியில் எடுக்கும் பணம் போதவில்லை. தங்கையின் மேற்படிப்புக்கென்று தாயார் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கேட்கிறான். "கொடுப்பதா, மறுப்பதா? இது உண்மையில் என்ன வைத்தியம்? விளக்கி எழுதுங்கள்" என்பது அவர் வேண்டுகோள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைவழுக்கையைப் பார்த்துச் சிரிப்பது நம்மவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும் அதை வைத்துத்தான் கேலி. கேட்பவனுக்கு அது எப்படி வலிக்கும் என்பதைச் சொல்பவர் அறிவதில்லை. ஆகவே அந்தத் தம்பியின் ஆசையை வெறும் அலங்கார மோகம் என்று நான் தள்ளமாட்டேன். வேண்டியதைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யட்டும்.

முடி நடுதல் என்றால் புது முடியை உண்டாக்குவதல்ல. இருக்கிற முடியை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது, அவ்வளவே. பரம்பரை வழுக்கையில் முன்னந்தலையும் உச்சியும் காலியானாலும், பின்மண்டையிலும் காதோரத்திலும் குதிரை லாடம் போல ஒரு வட்டம் நிற்கும். உங்கள் வீட்டுத் தாத்தாவைப் பாருங்கள். உடம்பிலுள்ள ஒருவகை ஹார்மோன் முன்பக்கத்து வேர்களை ஆண்டுக்கு ஆண்டு சிறுக்க வைக்கிறது. பின்பக்கத்து வேர்கள் அதற்கு அசைவதில்லை. இது தாய்வழியிலும் வரும், தந்தைவழியிலும் வரும். தாய்மாமனை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

பின்பக்கத்து முடியை முன்னால் கொண்டுவந்து நட்டால் அது எந்த இடத்துக் குணத்தைக் காட்டும்? இதற்கு விடை தோட்டத்து மக்களுக்குத் தெரிந்ததுதான். ரப்பரில் ஒட்டுக்கன்று கட்டுகிறோமே, நல்ல பால் தரும் மரத்தின் கண்ணை எடுத்து வேறொரு கன்றின் தண்டில் வைக்கிறோம். அடிவேர் எதுவாக இருந்தாலும், மேலே வளரும் மரம் கண் தந்த தாய்மரத்தின் குணத்தையே காட்டும். முடியும் அப்படித்தான். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர் 1952இல் இதைச் செய்துபார்த்து, 1959இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பே, 1939இல், ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் தீப்புண் பட்ட தலைகளுக்கு முடி நட்ட விவரத்தை எழுதியிருந்தார். போர் வந்துவிட்டதால் வெளியுலகம் அதைக் கவனிக்கவில்லை.

அந்தக் காலத்தில் நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலையே வட்டமாகக் குடைந்து எடுத்து நட்டார்கள். முடி வந்தது. ஆனால் பொம்மையின் தலையில் கொத்துக் கொத்தாகக் குத்தியது போல இருந்தது. இன்று அப்படியில்லை. முடி தலையில் ஒற்றை ஒற்றையாக முளைப்பதில்லை. ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்து ஒரு சிறு குடும்பமாக முளைக்கிறது. அந்தக் குடும்பத்தைச் சிதைக்காமல் எடுத்து நடுகிறார்கள்.

எடுப்பதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, பின்மண்டையில் நீளவாட்டில் ஒரு பட்டைத் தோலை வெட்டி எடுத்துத் தைத்துவிடுவது. அந்தப் பட்டையிலிருந்து நுண்ணோக்கியின் கீழ் வேர்களைப் பிரிப்பார்கள். எஃப்.யூ.டி. என்பது இது. மற்றது, ஒரு மில்லிமீட்டரும் இல்லாத குழல் ஊசியால் ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுப்பது. இதை எஃப்.யூ.ஈ. என்பார்கள். முதல் முறையில் பின்னால் ஒரு கோடு போலத் தழும்பு நிற்கும். இரண்டாவதில் சிறு சிறு புள்ளிகளாக நிற்கும். "தழும்பே இல்லை" என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். தோலைத் துளைத்தால் வடு இல்லாமல் போகாது.

இங்கே நம்மவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தைப்பூசத்துக்கு மொட்டை போடும் வேண்டுதல் உங்கள் வீட்டில் உண்டா? தகப்பனுக்குக் கருமம் செய்யத் தலை மழிக்க வேண்டியிருக்குமா? பட்டை வெட்டி எடுத்தவர் மொட்டை போட்டால் அந்தக் கோடு காதுக்குக் காது பளிச்சென்று தெரியும். நட்ட முடியை மழிப்பதால் கெடுதல் இல்லை, வேர் உள்ளே இருப்பதால் திரும்ப வளரும். ஆனால் புண் முழுதும் ஆறி வேர் பிடித்தபின் தான், அதுவும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டுதான். பத்துமலைக்குக் காவடி நேர்ந்திருப்பவர் நாளைக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, அந்த நாள் எப்படி இருக்கும்? காலையில் போனால் மாலைதான் வீடு. முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்திருப்பார்கள். நெற்றியில் மையால் கோடு போட்டு, கண்ணாடியில் காட்டிக் கேட்பார்கள். அந்தக் கோட்டில் அவசரப்பட வேண்டாம். பதினெட்டு வயதில் இருந்த நெற்றி வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். ஐம்பது வயது முகத்தில் அந்த நெற்றி ஒட்டாது. மேலும், கோடு எவ்வளவு கீழே வருகிறதோ அவ்வளவு நாற்று செலவாகும்.

பின்பு பின்தலையை மழித்து, குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போடுவார்கள். முழு மயக்கம் இல்லை, விழித்துத்தான் இருப்பீர்கள். நாள் முழுவதிலும் வலி என்று சொல்லத்தக்கது இந்த ஊசிகள்தான், கண்ணில் நீர் வரும். அதன் பிறகு இழுப்பதும் தட்டுவதும் தெரியும், வலி தெரியாது. எடுத்த வேர்களைக் குளிர்ந்த உப்புநீரில் போட்டு வைப்பார்கள். வெளியே காய்ந்தால் செத்துவிடும். இடையில் சாப்பாடு தருவார்கள். பிறகு மல்லாந்து படுக்க வைத்து, வழுக்கையான இடத்தில் மெல்லிய கீறல்கள் போட்டு ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். இரண்டாயிரம் வேர் என்றால் இரண்டாயிரம் முறை. அதனால்தான் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆகிறது.

முதல் நாள் இரவு தலையை உயர்த்தி, இரண்டு மூன்று தலையணை வைத்துப் படுக்க வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில் நெற்றி வீங்கும். சிலருக்கு வீக்கம் கண்ணிமை வரை இறங்கி, கண்ணே திறக்க முடியாமல் போகும். வீட்டில் உள்ளவர்கள் பார்த்தால் பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது தானே வற்றிவிடும். ஆனால் காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, தோல் கறுத்துப்போதல் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். பொருக்குகள் பத்து நாளில் உதிரும். அதுவரை சொறியக் கூடாது, நகம் படக் கூடாது. பின்மண்டை சில வாரம், சிலருக்குச் சில மாதம், மரத்துப்போனது போல் இருக்கும்.

நம் வேலைக்காரர்களுக்கு உள்ள தொல்லை மருத்துவமனைக் குறிப்பேடுகளில் இருப்பதில்லை. நட்ட வேர் பிடிக்கச் சுமார் பத்து நாள் ஆகும். அதுவரை மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் உராயக் கூடாது. கவசம் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், விழுந்தால் உயிர் போகும். ஆக, மோட்டார் சைக்கிளே வேண்டாம். பால்மரம் சீவுகிறவர் நெற்றியில் விளக்குக் கட்ட முடியாது. குலை வெட்டுகிறவர் பாதுகாப்புத் தொப்பி போட்டே ஆக வேண்டும். அண்ணாந்து பார்த்து, வெயிலில் வியர்த்து, பாரம் தூக்கும் வேலை. இரண்டு வாரமாவது அந்த வேலை கூடாது. அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு மருத்துவ விடுப்புச் சம்பளம் உண்டா என்பதைக் கிராணியாரிடமோ தொழிற்சாலை அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கில் அதையும் சேர்த்தால்தான் கணக்குச் சரியாகும்.

எல்லாரையும் கலங்க வைப்பது அடுத்துவரும் கட்டம். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆம், கொட்டிவிடும். சில சமயம் பக்கத்தில் இருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் உதிரும். கொடுத்த காசு போயிற்று என்று அழுபவர்கள் உண்டு. ரப்பர் மரம் ஆண்டுக்கொருமுறை இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் புதிதாக வந்தவன் மரம் பட்டுவிட்டது என்றுதான் நினைப்பான். பழகியவன் தளிருக்குக் காத்திருப்பான். முடி உதிர்ந்தாலும் வேர் தோலுக்குள் உறங்குகிறது. மூன்று, நான்கு மாதத்தில் பூனைமயிர் போல முளைக்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆறாம் மாதத்துக்கு மேல்தான் பிறர் கண்ணுக்குத் தெரியும். முழுப் பலனைப் பார்க்க ஓர் ஆண்டு, உச்சிக்கு ஒன்றரை ஆண்டு கூட ஆகும். ஆகவே, அடுத்த மாதம் பெண் பார்க்கப் போவதற்காக இந்த மாதம் நட்டுக்கொள்கிறேன் என்பவர், பெண் வீட்டுக்கு வீங்கிய நெற்றியோடும் பொருக்கோடும்தான் போவார்.

இனி அந்தத் தம்பிக்கு நேராகச் சொல்ல வேண்டியது.

தம்பி, உன் வயது 24. உன் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பொறுப்புள்ள வைத்தியர்கள் இளம்வயதுக்காரர்களுக்கு உடனே கத்தி எடுக்கத் தயங்குவது இதனால்தான். இன்றைக்கு முன்னால் ஒரு வரிசை நடுகிறாய் என்று வை. நட்டது நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கும் உன் சொந்த முடி தொடர்ந்து கழிந்துகொண்டே போகும். ஐந்து, பத்து ஆண்டில் முன்னால் ஒரு வேலி, பின்னால் வெறும் திடல் என்றாகிவிடும். அதை நிரப்ப மறுபடி நட வேண்டும். ஆனால் நாற்றங்கால் பின்மண்டையில் ஒன்றுதான். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. இப்போதே அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் நாற்பது வயதில் பின்தலையும் பூச்சி அரித்தது போல் ஆகிவிடும், எடுத்து நட ஒன்றும் மிஞ்சாது.

முதலில் உனக்கு வந்திருப்பது பரம்பரை வழுக்கைதானா என்று தெரிய வேண்டும். முடி உதிர்வதெல்லாம் வழுக்கையல்ல. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி கொட்டுவது எவருக்கும் இயல்பு. டெங்கி போன்ற கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் அப்படியே. அது தானாகத் திரும்பிவிடும். இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, தலைப்படை, வட்டவட்டமாக உதிரும் புழுவெட்டு ஆகியவற்றுக்கெல்லாம் வைத்தியம் வேறு. அங்கே முடி நட்டால் நட்டதும் வீணாகலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே காட்டி, வேண்டுமென்றால் தோல் மருத்துவ நிபுணருக்குக் கடிதம் வாங்கு. இந்த ஒரு வெள்ளியைச் செலவழிக்காமல் ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பரம்பரை வழுக்கைதான் என்று தெரிந்தால், மருந்து உண்டு. மினாக்சிடில் என்பது முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. உட்கொண்டவர்களுக்கு மேனியெல்லாம் முடி வளர்வதைக் கண்டு தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி பெற்றது. தொடங்கிய சில வாரத்தில் உதிர்வு கூடுவது போலிருக்கும், பயந்து விட்டுவிடக் கூடாது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். மற்றது ஃபினாஸ்டரைட் மாத்திரை. 1997 முதல் ஆண்களின் வழுக்கைக்குப் பயன்படுகிறது. இதை வைத்தியர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறைவது, மனச்சோர்வு போன்ற தொல்லைகள் வரலாம். வந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் இந்த மாத்திரையின் உடைந்த துண்டைத் தொடவே கூடாது, வயிற்றிலுள்ள ஆண் குழந்தைக்கு ஊறு வரும். இரண்டு மருந்தும் நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். முடி நட்டுக்கொண்டவர்கள்கூட மிச்சமிருக்கும் முடியைக் காக்க இவற்றைத் தொடர வேண்டியிருக்கிறது என்பதை விளம்பரக்காரர்கள் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

கரிசலாங்கண்ணி எண்ணெய், செம்பருத்தி எண்ணெய் பற்றிக் கேட்பீர்கள். தேய்த்துக் குளியுங்கள், முடி பளபளக்கும், தலை குளிரும். பரம்பரை வழுக்கையை அவை நிறுத்தா. நானும் என் பங்குக்கு எத்தனையோ போத்தல் தேய்த்துப் பார்த்தவன்தான்.

இதற்கெல்லாம் பிறகும் நட்டுக்கொள்வது என்று முடிவானால், யாரிடம் என்பதுதான் உயிர்ப்பிரச்சினை. 2016இல் சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரே முடி நடப்போய், சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, இரண்டு நாளில் இறந்துபோனார். அவர் போன இடம் சிகையலங்காரத்துக்கு உரிமம் பெற்ற இடம் என்று பின்னர் செய்தி வந்தது. மரக்கச் செய்யும் மருந்து அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும். ஆகவே இது முடிவெட்டும் கடையில் செய்கிற காரியம் அல்ல.

நம் நாட்டில் தனியார் கிளினிக்கோ மருத்துவமனையோ 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதார அமைச்சில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியரின் முழுப்பெயரைக் கேட்டு, மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா, இவ்வாண்டுக்குத் தொழில் செய்யும் சான்றிதழ் உண்டா என்று சரிபாருங்கள். பொது மருத்துவராக இருந்துகொண்டு அழகியல் சிகிச்சை செய்பவராயின் அதற்கு அமைச்சு தனியே தரும் அனுமதிக் கடிதம் வேண்டும். கேட்டால் கோபப்படுகிற வைத்தியரிடம் போகாதீர்கள். ஊசி போடுவது யார், கீறுவது யார், அவர் அன்று முழுதும் கூடவே இருப்பாரா, மூச்சுத் திணறினால் என்ன ஏற்பாடு என்று வாய்விட்டுக் கேளுங்கள். இஸ்தான்புல் நகரம் இந்தச் சிகிச்சைக்குப் பேர்போனது; விமானச் சீட்டோடு சேர்த்தே விலை பேசுகிறார்கள். அங்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊர் திரும்பியபின் சீழ் பிடித்தால் யாரிடம் போய்க் கேட்பது?

நீரிழிவு, இதயநோய், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்கக் கூடாது. காது குத்திய இடத்திலோ அலகு குத்திய இடத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்த உடம்பாக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அத்தகைய தோலில் தலைத் தழும்பும் புடைக்கக் கூடும். புகைப்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும்.

அம்மா, இப்பொழுது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடுக்காதீர்கள். 2025 முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நீங்கள் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம் எத்தனை மாத வியர்வை என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். மகளுக்குப் படிப்பில் இடம் கிடைக்கும் நாள் கடந்தால் திரும்ப வராது. மகனின் தலை ஓராண்டு காத்திருக்கும். காத்திருப்பதால் அவனுக்கு நஷ்டமில்லை, இலாபமே. சேமநிதியில் 2024 மே மாதம் முதல் நினைத்தபோது எடுக்க ஒரு கணக்குத் திறந்துவிட்டதும் நல்லதுதானா என்று எனக்கு ஐயம் உண்டு. ஆனால் அது அவன் உழைத்த பணம், அவன் முடிவு. தங்கையின் பணம் அவனுடையதல்ல.

மறுக்கும்போது கேலியாகவோ கோபமாகவோ மறுக்காதீர்கள். "முதலில் இருவரும் கிளினிக்குக்குப் போவோம்" என்று சொல்லுங்கள். அவனோடு நீங்களும் போங்கள். போகிற வழியில் தொப்பியைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். மருந்தை ஓராண்டு ஒழுங்காகப் போடட்டும். மூன்று மாதத்துக்கொரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்கட்டும். உதிர்வு நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அந்தப் படங்களே நிபுணருக்கு உதவும்.

இடையில் வரன் வந்தால் தொப்பியில்லாத படத்தையே அனுப்புங்கள். பிறகு தெரிந்து பேச்சு முறிவதைவிட அது எவ்வளவோ மேல்.

கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். புழுவெட்டைப் பற்றி மூன்று வாசகியர் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.